கட்டியபின் சுருண்டதும் சுருண்டபின் கட்டியதும்

வங்கி மேசையிலோ விடுதி வரவேற்பறையிலோ இருக்கும் தொலைபேசியின் ரிசீவர் வயரை உற்றுப் பார்த்தால் இரண்டு விதக் கோளாறு தென்படும். ஒன்று, வயர் முழுவதும் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு முண்டும் முடிச்சுமாகக் கிடப்பது. இது எல்லாருக்கும் தெரிந்த சிக்கல். ரிசீவரைக் கையில் தூக்கித் தொங்கவிட்டால் அது தானே சுழன்று சிக்கலை அவிழ்த்துக்கொள்ளும். மற்றொன்று சட்டென்று கண்ணில் படாது. வரிசையாக ஒரே பக்கமாகச் சுற்றி வந்த சுருள்கள் ஓரிடத்தில் தடுமாறி, வெளியே துருத்தி நிற்கும் ஒரு வளைவைத் தாண்டி, எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கியிருக்கும். ரிசீவரை எவ்வளவு நேரம் தொங்கவிட்டாலும் இது போகாது. கையால் இழுத்தால் நேராகும். விட்டால் அதே இடத்தில் அதே வளைவு வந்து நிற்கும். பலரும் வயர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான்.

இந்த இரண்டாவது கோளாறைத் திருப்பம் என்று அழைத்துக்கொள்வோம். இதே திருப்பம் பாகல் பந்தலில் ஆயிரக்கணக்கில் உண்டு. அங்கே அது கோளாறாக இல்லை என்பது மட்டுமல்ல, அது இல்லாவிட்டால் பந்தலே நிற்காது. வயரையும் கொடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றின் நோய் எப்படி மற்றொன்றின் உடல்நலமாக இருக்கிறது என்பது புரியும். வயரை எப்படி அவிழ்ப்பது என்பதும் அதோடு சேர்ந்து விளங்கிவிடும்.

கொடியிலிருந்தே தொடங்கலாம். வெள்ளரி, பாகல், புடலை, பீர்க்கு, சுரை, கோவை எல்லாம் ஒரே குடும்பம். இவற்றின் கணுவிலிருந்து நூலிழையாக ஒரு கை நீளும். பள்ளிப் பாடநூல் அதைப் பற்றுக்கம்பி என்கிறது. இளம் பற்றுக்கம்பி நேராக இருக்கும். அதன் நுனி மெல்ல வட்டமிட்டபடி பிடிமானம் தேடும். பந்தல் கம்பியோ காய்ந்த குச்சியோ தட்டுப்பட்டதும் நுனி அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். அதுவரை நேராக இருந்த நடுப்பகுதி அதன் பிறகுதான் சுருளத் தொடங்கும். சுருளச் சுருள நீளம் குறைந்து கொடி பந்தலை நோக்கி இழுபடும். நன்றாகச் சுருண்டு முடிந்த ஒன்றைப் பார்த்தால் நடுவில் ஒரு சிறு நேர்த்துண்டு இருக்கும். அதற்கு ஒருபுறம் வலஞ்சுழி, மறுபுறம் இடஞ்சுழி. இரு பக்கச் சுருள்களையும் எண்ணிப் பாருங்கள், ஏறத்தாழச் சமமாக வரும். சிலவற்றில் இப்படி மாறி மாறித் திரும்புவது ஒன்றுக்கு மேற்பட்ட முறையும் நடந்திருக்கும்.

அவரைக் கொடியில் இதைத் தேட வேண்டாம். அவரைக்குப் பற்றுக்கம்பி கிடையாது, தண்டே கொழுகொம்பைச் சுற்றி ஏறுகிறது. அதன் வளர்நுனி கட்டற்றது, ஆகவே ஒரே திசையில் எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றிக்கொண்டு போகலாம். இந்தச் சிறு வேறுபாட்டுக்குள்தான் முழு விஷயமும் இருக்கிறது.

சார்லஸ் டார்வினை இந்தப் பக்கம் இழுத்தது, அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரே 1858-இல் எழுதிய சிறு கட்டுரை ஒன்று. விதைகளையும் கிரேயே அனுப்பிவைத்தார். உடல்நலமின்றி அறைக்குள் அடைந்து கிடந்த நாள்களில் டார்வின் வெள்ளரிக் குடும்பத்துக் கொடி ஒன்றைத் தொட்டியில் வளர்த்து அதன் அசைவுகளைக் கவனித்தார். அந்த ஆய்வு 1865-இல் லின்னேயன் சங்க இதழில் வந்தது, 1875-இல் திருத்திய நூலாயிற்று. திருப்பத்தை அவருக்கு முன்பே சிலர் கண்டு எழுதியிருந்தார்கள். டார்வின் செய்தது, காரணத்தைச் சந்தேகத்துக்கு இடமின்றிச் சொன்னது. இரு முனையும் பிடிபட்ட ஒரு நூல் நடுவில் சுருள வேண்டுமென்றால், ஒரு பக்கம் எத்தனை சுற்றோ எதிர்ப்பக்கமும் அத்தனை சுற்று விழுந்தாக வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் நூலுக்குள் ஒரு முறுக்கு ஏறிக்கொண்டே போய், கடைசியில் நூல் அறும் என்றார். இதை விளக்க அவர் நாடா விற்கும் கடைக்காரரைத் துணைக்கு அழைக்கிறார். கடைக்காரர் நாடாவை ஒரே பக்கமாகச் சுற்றினால் சுற்றுக்கு ஒரு முறுக்கு விழும். ஆகவே கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே எட்டு வடிவத்தில், திசை மாற்றி மாற்றிச் சுற்றுகிறார். பட்டம் விடும் பையன்கள் நூலைச் சுற்றும் விதமும் இதேதான். அவர்களுக்கு டார்வின் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பிற்காலத்தில் கணிதர்கள் இதற்கு ஒரு சமன்பாடு எழுதினார்கள். ருமேனியாவின் ஜார்ஜ் கலுகரேயானு 1959 முதல் 1961 வரை எழுதிய கட்டுரைகளில் அடித்தளம் போட்டார். ஜேம்ஸ் வைட் 1969-இலும் ப்ராக் ஃபுல்லர் 1971-இலும் அதை வளர்த்தார்கள். ஒரு நாடாவின் உள்முறுக்கையும், அது வெளியில் வளைந்து சுருளும் சுருட்டையும் கூட்டினால் வரும் தொகை மாறாது. ஒன்று குறைந்தால் மற்றொன்று கூடும். இதை அவர்கள் வகுத்தது இரு முனையும் ஒட்டிய மூடிய நாடாவுக்கு. முனைகள் சுழலாமல் பிடிக்கப்பட்ட கம்பிக்கும் அதே கணக்கு பொருந்தும். உயிரணுவுக்குள் டி.என்.ஏ. இழை சுருண்டு மடிவதையும் இதை வைத்தே அளக்கிறார்கள். அது பெரிய கதை, இங்கே வேண்டாம்.

பற்றுக்கம்பியின் கணக்கு பூஜ்யத்தில் தொடங்குகிறது. நேராக இருந்தபோதே இரு முனையும் பிடிபட்டுவிட்டன. ஆகவே வலஞ்சுழி பதினைந்து என்றால் இடஞ்சுழி பதினைந்து. கூட்டினால் மறுபடி பூஜ்யம். திருப்பம் என்பது அந்தக் கணக்கு சமனாகும் இடம். பிடிமானம் கிடைக்காமல் காற்றில் தொங்கும் பற்றுக்கம்பியும் வயதாகிச் சுருளத்தான் செய்யும். ஆனால் அதன் நுனி கட்டற்றது. அது பெரும்பாலும் ஒரே பக்கமாகவே சுருண்டு, யாருக்கும் பயன்படாமல் வாடி உதிர்கிறது.

வயரின் கதை நேர்மாறு. தொடக்க காலத்துக் கருப்புத் தொலைபேசிகளில் துணிநூல் பின்னிய நேரான வயர்தான் இருந்தது. சுருள் வயர் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. ஆறடி நீளும் வயர் ஓய்வில் ஓரடி அளவில் அடங்கிக் கிடக்கும், மேசைமேல் புரளாது, காப்பித் தம்ளரைத் தட்டிவிடாது. இதன் உள்ளே நான்கு கம்பிகள் ஓடுகின்றன: காதுப் பக்கத்துக்கு இரண்டு, பேசும் பக்கத்துக்கு இரண்டு. இவை சாதாரணச் செப்புக் கம்பிகள் இல்லை. துணிநூலின்மேல் மெல்லிய உலோகத் தகட்டு நாடாவைச் சுற்றிச் செய்தவை. ஓயாமல் வளைந்தாலும் முறியக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. (அறுந்த ரிசீவர் வயரை ஈயம் வைத்து ஒட்ட முயன்றவர்கள் கைவிட்டதற்குக் காரணமும் இந்தத் துணிநூல்தான்.) இந்த வயரை ஒரு தண்டில் நெருக்கமாகச் சுற்றிச் சூடேற்றி ஆறவிடுவார்கள். மேலுறையான பிவிசி அந்த வடிவத்திலேயே படிந்துவிடும்.

பல தயாரிப்பு முறைகளில் வேலை இதோடு முடிவதில்லை. தண்டிலிருந்து கழற்றிய சுருளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எதிர்ப்பக்கமாகப் புரட்டிவிடுவார்கள். வலஞ்சுழியாக ஆறியது இடஞ்சுழியாக மாற்றப்பட்டால், சுருள்கள் ஒன்றோடொன்று அழுந்தி இறுக்கமாக நிற்கும். இழுத்து விட்டால் விசையோடு திரும்பி வரும். அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் இப்படிப் புரட்டுகிற இயந்திரங்களுக்கே காப்புரிமை வாங்கியது. அப்படிச் செய்த வயரில் திருப்பம் விழுந்தால், அந்தத் துண்டு தான் முதலில் ஆறிய வடிவத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அது மனம் மாறித் தானாகத் திரும்பி வரும் என்று எதிர்பார்ப்பதற்கு இல்லை.

ஆக, வயர் முதலில் சுருண்டது, பிறகுதான் அதன் இரு முனையும் தொலைபேசியிலும் ரிசீவரிலும் செருகப்பட்டன. அதன் கணக்கு பூஜ்யத்தில் தொடங்கவில்லை. நூறு சுருள் என்றால் நூறும் ஒரே பக்கம். அதில் எதிர்ச்சுருளுக்குத் தேவையே இல்லை. வந்தால் அது விபத்து. கொடியிலோ எதிர்ச்சுருள் வராமல் இருக்க வழியே இல்லை.

விபத்து எப்படி நேர்கிறது? வலக்கையால் ரிசீவரை எடுக்கிறோம். எழுத வேண்டியிருந்தால் இடக்கைக்கு மாற்றி மறு காதில் வைக்கிறோம். வைக்கும்போது எடுத்த வழியே திருப்பி வைப்பதில்லை. ரிசீவர் ஒரு சுற்றுச் சுற்றித் தன் இடத்துக்குப் போகிறது. ஒரே ஆள், ஒரே நாற்காலி, ஒரே பழக்கம். ஆகவே ஒவ்வோர் அழைப்புக்கும் சுழற்சி ஒரே திசையில் சேர்கிறது. அந்தத் திசை சுருளை இறுக்கும் திசையாக இருந்தால் வயர் இடம் போதாமல் தன்மேல் தானே சுற்றி முடிச்சாகும். இது முதல் கோளாறு. சுருளைத் தளர்த்தும் திசையாக இருந்தால் சுருள்கள் அகன்று அகன்று வந்து, ஒரு கட்டத்தில் ஏதோ ஒன்று பொறுக்காமல் மறுபக்கம் புரண்டுவிடும். இது திருப்பம். காற்றில் ஆடும் கொடிக்கு இந்தத் தொல்லை இல்லை. காற்று எத்தனை முறை அசைத்தாலும் அதன் முனைகளைப் பிடித்து ஒரே பக்கமாகச் சுற்ற யாரும் இல்லை.

வயரில் ஒரு சுருள் புரண்டால் கணக்கில் ஒன்று குறைகிறது என்று நினைத்துவிடக் கூடாது. இந்தப் பக்கம் ஒன்றாக இருந்தது அந்தப் பக்கம் ஒன்றாகப் போனதால் வேறுபாடு இரண்டு. முனைகள் செருகியிருக்கும்போது அந்த இரண்டும் வயரின் வேறோர் இடத்தில் முறுக்காக ஏறியாக வேண்டும். ஆகவேதான் இரண்டு கோளாறும் சேர்ந்தே வருகின்றன. பத்துச் சுருள் புரண்ட வயர், மீதிப் பகுதியில் இருபது சுற்று முறுக்கைச் சுமந்துகொண்டிருக்கலாம். முடிச்சை மட்டும் அவிழ்த்துவிட்டு ஓய்பவருக்கு மறுவாரமே மறுபடி முடிச்சு கிடைப்பதற்கு இது ஒரு காரணம்.

இழுக்கும்போது இரண்டும் நடந்துகொள்ளும் விதம்தான் ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. திருப்பம் இல்லாத நல்ல வயரை முழுநீளத்துக்கு இழுத்தால் சுருள்கள் மறைந்துவிட்டதாகத் தோன்றும். மறையவில்லை. நூறு சுருளும் நூறு உள்முறுக்காக மாறி வயருக்குள் பதுங்கியிருக்கின்றன. பக்கத்து அறைவரை ரிசீவரை இழுத்துக்கொண்டு போய்ப் பேசிவிட்டுச் சட்டென்று விட்டால், அத்தனை முறுக்கும் ஒரே நேரத்தில் வெளிவரப் பார்க்கும். எங்கோ ஓரிடத்தில் தவறான பக்கம் சுருண்டுவிடும். சுருண்ட பற்றுக்கம்பியை இழுத்தால் நடுவிலுள்ள நேர்த்துண்டு சுழலும். இருபுறச் சுருளும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு அவிழும், முழுவதும் நேரானால் உள்ளே ஒரு முறுக்கும் மிஞ்சாது. திருப்பம் கொடிக்குச் செய்யும் நன்மை இது: முனைகளைத் தொந்தரவு செய்யாமல் நடுவிலேயே சுழன்று கொடுக்கும் ஒரு மூட்டாக அது இருக்கிறது. டார்வின் பெருங்காற்று வீசும்போது வேண்டுமென்றே வெளியே போய் வேலியில் படர்ந்த பிரையோனி என்ற கொடியைப் பார்த்து நின்றிருக்கிறார். பற்றுக்கம்பிகளுக்கு இந்த நெகிழ்வு இல்லாதிருந்தால் அவை ஒரே வீச்சில் அறுந்து கொடி தரையில் விழுந்திருக்கும் என்று குறித்திருக்கிறார்.

அவர் விட்ட இடத்திலிருந்து ஆய்வு வெகுநாள் கழித்து நகர்ந்தது. 1998-இல் அலேன் கொரியெலி, மைக்கேல் டேபர் இருவரும் இழுவிசை தளரும்போது திருப்பம் தானாக எப்படி உண்டாகிறது என்பதைச் சமன்பாடுகளால் காட்டினார்கள். 2012-இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஷேரன் கெர்போடி, எல். மகாதேவன் உள்ளிட்ட குழு வெள்ளரிப் பற்றுக்கம்பிக்குள் பார்த்தது. உள்ளே இரண்டு அடுக்கு அணுக்களால் ஆன நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. அதன் ஒரு பக்கம் மரத்தன்மை ஏறி மற்றதைவிட அதிகம் சுருங்குவதால் பற்றுக்கம்பி வளைந்து சுருள்கிறது. இன்னொரு வியப்பும் அவர்களுக்குக் கிடைத்தது. முற்றிய பற்றுக்கம்பியை இழுத்தால் அது உடனே அவிழ்வதில்லை. தொடக்கத்தில் இன்னும் சில சுற்றுக் கூடுதலாகச் சுருள்கிறது. சிலிக்கோனால் மாதிரி செய்து இழுத்தபோது அது வெறுமனே அவிழ்ந்தது. உட்பக்கம் நீளாத துணி நாடாவும் வெளிப்பக்கம் செப்புக் கம்பியும் சேர்த்தபின்தான் கொடியைப் போலக் கூடுதலாகச் சுருண்டது. மெல்ல அசைந்தால் விட்டுக்கொடுத்து, பலமாக இழுத்தால் இறுகி நிற்கும் விசைச்சுருள் அது. நம் ரிசீவர் வயருக்கு இந்தத் தந்திரம் தெரியாது.

இனி அவிழ்க்கும் வேலை. முதலில் வயரை ரிசீவர் பக்கம் கழற்றுங்கள். செருகியின் சிறு நாக்கை அழுத்தி இழுத்தால் வந்துவிடும். ரிசீவரைத் தொங்கவிட்டுச் சுழலவிடுவதைவிட இது நல்லது, சுவரில் மோதாது. முடிச்சுகளைக் கையால் பிரித்து, கழற்றிய முனை தன் போக்கில் சுழன்று நிற்கட்டும். முதல் கோளாறு இதோடு தீர்ந்தது.

அடுத்துத் தொலைபேசிப் பக்கத்திலிருந்து விரலைச் சுருள்மேல் வைத்து நகர்த்திக்கொண்டே வாருங்கள். சுருள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைப் பாருங்கள். சாய்வு மாறும் இடமே திருப்பம். இரண்டு பக்கத்தில் நீளமாக உள்ள பக்கமே சரியான பக்கம் என்று பெரும்பாலும் கொள்ளலாம். கடைசி நல்ல சுருளை இடக்கையால் அழுத்திப் பிடித்து, அதற்கு அடுத்துள்ள தவறான சுருளைச் சரியான திசையில் வளைத்து நல்ல சுருளோடு ஒட்டி உட்காரவையுங்கள். திருப்பம் ஒரு சுருள் தள்ளிப் போயிருக்கும், கட்டற்ற முனையும் சுழன்றிருக்கும். அடுத்த சுருள், அதற்கடுத்த சுருள் என்று முனைவரை கொண்டுபோனால் திருப்பம் முனை வழியாக வெளியேறிவிடும். வயரின் நடுவில் மட்டும் ஒரு துண்டு எதிர்ப்பக்கம் சுற்றியிருந்தால் அதற்கு இருபுறமும் இரண்டு திருப்பம் இருக்கும். ஒன்றை நகர்த்தி மற்றதோடு சேர்த்தால் இரண்டும் சேர்ந்தே மறையும். சுருளுக்கு இரண்டு சுற்று வீதம் மீதி வயர் முழுவதும் சுழல வேண்டியிருப்பதால், அந்தப் பகுதியை மேசையில் அழுத்தி வைக்காமல் கைக்கு வெளியே தொங்க விடுங்கள். முனையைச் செருகியபடியே இதைச் செய்பவர்கள் திருப்பத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோர் இடத்தில் வைக்கிறார்கள், அவ்வளவே.

நெடுநாள் புரண்டே கிடந்து வடிவம் கெட்ட பகுதியை, சுருளின் உட்குழிவுக்குச் சரியான தடிமனுள்ள ஒரு கோலில் சரியான திசையில் நெருக்கமாகச் சுற்றி, இரு முனையையும் கட்டி, தலைமுடி உலர்த்தும் கருவியால் இளஞ்சூடு காட்டலாம். முழுவதும் ஆறும்வரை அவிழ்க்கக் கூடாது. அதிகச் சூடு உறையை இளக்கிவிடும். பழைய இறுக்கம் முழுதும் வரும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

பொறியியலாக எடைபோட்டால் கொடியின் வழியே மேல் என்பது என் எண்ணம். பிடிமானம் கிடைத்தபின் சுருள்வதால் அதன் கணக்கில் மிச்சமே இல்லை. தொழிற்சாலை அதைப் பின்பற்ற முடியாது. செருகிய பிறகு மேசைமேல் வயரைச் சுருள வைக்க யாராலும் ஆகாது. வேண்டுமென்றே பாதி வலமும் பாதி இடமுமாக வயர் செய்யலாம், ஆனால் நடுவில் துருத்தும் அந்த வளைவு எதிலாவது மாட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே நாள் முழுவதும் அழைப்பு வரும் மேசைக்கு ஒரே நிலையான தீர்வு, ரிசீவருக்கும் வயருக்கும் நடுவே பொருத்தும் சுழல் இணைப்பி. கொடியின் நேர்த்துண்டு செய்கிற வேலையை அது செய்கிறது. ரிசீவர் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் வயருக்கு அது தெரியாது. வீட்டுத் தொலைபேசிக்கு இவ்வளவு தேவையில்லை, எப்போதாவது ஒருமுறை கழற்றிச் சுழலவிட்டால் போதும். புது வயரோ சுழல் இணைப்பியோ வாங்கப் போகும்போது பழைய வயரைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். ரிசீவரின் செருகி, சுவரிலிருந்து வரும் லைன் செருகியைவிடக் குறுகலானது. ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது.